ஃபயர்வாலில் ஒளிந்திருக்கும் விதி

கேள்வி: விண்டோஸ் சர்வரில் ரிமோட் டெஸ்க்டாப்புக்கான (தொலைவிலிருந்து கணினியை இயக்கும் வசதி) 3389 போர்ட்டை ஃபயர்வாலில் அனுமதித்தும் இணைப்பு கிடைக்கவில்லை. நூற்றுக்கணக்கான விதிகளில் தடுப்பதை எப்படித் தேடுவது?

பதில்: விண்டோஸ் ஃபயர்வாலின் ‘அட்வான்ஸ்டு செக்யூரிட்டி’ திரையில் எண்ணைத் தட்டித் தேடும் பெட்டி கிடையாது. ‘இன்பவுண்ட் ரூல்ஸ்’ (உள்வரும் இணைப்புகளுக்கான விதிகள்) பட்டியலைத் திறந்து, வலப்பக்கம் ‘ஃபில்டர் பை ஸ்டேட்’டில் இயங்குபவற்றை மட்டும் தேர்ந்தெடுங்கள். பிறகு ‘ஆக்‌ஷன்’ தலைப்பைச் சொடுக்கினால் ‘பிளாக்’ விதிகள் ஒன்றாகச் சேரும். முதலில் பார்க்க வேண்டியவை இவைதான். வழக்கமாக, அனுமதியும் தடையும் மோதினால் தடையே வெல்லும். பட்டியலில் எது மேலே இருக்கிறது என்பது பொருட்டல்ல.

3389 என்ற எண்ணை மட்டும் தேடினால் ஏமாந்துபோவீர்கள். ‘லோக்கல் போர்ட்’ பத்தியில் ‘எனி’ (எல்லா போர்ட்டும்) என்றோ 3000-4000 என்றோ இருக்கும் தடை விதியும் அதே போர்ட்டைத் தடுக்கும். கண்ணால் பார்த்து முடியாதென்றால் ‘எக்ஸ்போர்ட் லிஸ்ட்’ கொடுத்து, கோப்பை எக்செலில் திறந்து வடிகட்டுங்கள்.

தடை எதுவும் இல்லையா? உங்கள் அனுமதி விதி எந்த வகை நெட்வொர்க்குக்குப் பொருந்தும் என்று காட்டும் ‘புரொஃபைல்’ பத்தியைப் பாருங்கள். அதில் ‘டொமைன்’ மட்டும் இருந்து, நெட்வொர்க் ‘பப்ளிக்’ ஆக இருந்தால் அந்த விதி வேலை செய்யாது. ‘மானிட்டரிங்’ பகுதியின் ‘ஃபயர்வால்’ பட்டியலில் இப்போது செயலில் உள்ள விதிகள் மட்டுமே தெரியும். அங்கே உங்கள் விதி இருக்கிறதா என்று சரிபாருங்கள்.