இரண்டு வருடத்தில் ஆர்.என். ஆகிவிட முடியுமா?

அக்கா என்று கூப்பிட்டுக் கேட்டுவிட்டாய், அதனால் நீ, வா, போ என்றே எழுதுகிறேன். டெக்சஸில் இருக்கும் இர்விங்குக்கு வந்து எட்டு மாதம், கணவரின் எச்1பி வேலை விசாவைச் சார்ந்த எச்4 விசா, ஊரில் பி.இ. முடித்து மூன்று வருட ஐ.டி. வேலை, கையில் நாலு வயதுப் பையன். பக்கத்துக் கம்யூனிட்டி காலேஜில் இரண்டே வருடத்தில் ஆர்.என்., அதாவது பதிவு பெற்ற நர்ஸ், ஆகலாம், முடித்ததும் வேலை என்று பார்க்கில் யாரோ சொன்னார்களாம். சேரலாமா, ஊரில் பி.எஸ்சி. நர்சிங் முடித்துவிட்டு வரப்போகும் நாத்தனாரையும் கூடவே சேர்த்துவிடலாமா என்று கேட்கிறாய்.

நாத்தனார் விஷயம் சுலபம். அவர் சேர வேண்டியதே இல்லை. ஏற்கெனவே நர்ஸ் ஆனவர் மறுபடி முதல் வகுப்பிலிருந்தா தொடங்குவார்? சி.ஜி.எஃப்.என்.எஸ். (இப்போது பெயர் ட்ரூமெரிட்) போன்ற அமைப்பிடம் தன் படிப்பை மதிப்பீட்டுக்குக் கொடுத்து, மாநில நர்சிங் போர்டின் அனுமதி வாங்கி, என்கிளெக்ஸ் என்ற நர்ஸ் லைசென்ஸ் தேர்வை எழுதினால் போதும். ஆங்கிலத் தேர்வும் கேட்பார்கள். என்கிளெக்ஸைச் சென்னையிலேயே எழுதலாம், எனவே விமானம் ஏறும் முன்பே அதை முடித்துவிடச் சொல்.

இனி உன் கதை. இரண்டு வருடம் என்பது நர்சிங் வகுப்புக்குள் கால் வைத்த பிறகு வரும் கணக்கு. கால் வைக்கும் முன் அனாட்டமி-பிசியாலஜி இரண்டு பாகம், மைக்ரோபயாலஜி, ஆங்கிலக் கட்டுரை, சைக்காலஜி என்று ஒரு வரிசை நிற்கிறது. முதல் பாகம் பாஸ் செய்யாமல் இரண்டாம் பாகத்தைத் தொட முடியாது. அதற்குப் பிறகு ஹெசி அல்லது டீஸ் நுழைவுத் தேர்வு. எல்லாவற்றையும் சேர்த்துப் புள்ளி போட்டுத்தான் ஆளை எடுப்பார்கள், ஒரு 'சி' வாங்கினாலே பின்னுக்குப் போய்விடுவாய். நான் 2010 ஆகஸ்டில் ஆரம்பித்து 2014 மே மாதம் முடித்தேன். பார்க்கில் சொன்னவர் சொல்லாமல் விட்ட இரண்டு வருடம் அதில் இருக்கிறது.

அதைவிட முக்கியமாக அவர் சொல்லாமல் விட்டது விசா. எச்4-இல் படிக்கத் தடை இல்லை, முழுநேரமாகவே படிக்கலாம். டெக்சஸில் 12 மாதம் குடியிருந்து அதற்கான காகிதங்களைக் காட்டினால் உள்ளூர்க் கட்டணம் கேட்கவும் உனக்கு வழி உண்டு. அதனால் இன்னும் நாலு மாதம் பொறுத்துச் சேர்ந்தால் காசு மிஞ்சும். ஆனால் லைசென்ஸ் வேறு, வேலை செய்யும் அனுமதி வேறு. என்கிளெக்ஸ் பாஸ் செய்து லைசென்ஸ் வாங்கினாலும் ஈஏடி என்ற வேலை அனுமதி அட்டை இல்லாமல் ஒரு மணி நேரம்கூட வேலை செய்ய முடியாது. எச்4 ஈஏடி 2015 மே மாதம் வந்த விதி, அதுவும் கிரீன் கார்டுக்காகக் கணவரின் கம்பெனி போடும் ஐ-140 மனு அப்ரூவ் ஆகியிருந்தால்தான் பெரும்பாலும் கிடைக்கும். 'ஆஸ்பத்திரியே எச்1பி போடாதா?' என்று கேட்பாய். பட்டப்படிப்பு கட்டாயமான வேலைக்குத்தான் அந்த விசா. சாதாரண வார்டு நர்ஸ் வேலைக்குக் கிடைப்பது அரிது. நான் தொடங்கியபோது எச்4 ஈஏடி விதியே கிடையாது. கிரீன் கார்டு வரிசை நகரும் என்ற ஒரு நம்பிக்கையில் பணத்தைக் கட்டினேன், 2012-இல் வந்தது. அது என் சாமர்த்தியம் இல்லை. என்னோடு படித்த ஒரு மலையாளிப் பெண் லைசென்ஸை பீரோவில் வைத்துக்கொண்டு மூன்று வருடம் வீட்டில் இருந்தாள்.

கம்யூனிட்டி காலேஜா என்று உன் வீட்டில் முகம் சுளிப்பார்கள். என் மாமனார் 'பாலிடெக்னிக் மாதிரியா?' என்று கேட்டார். இரண்டாம் உலகப்போருக்குப் பிறகு நர்ஸ் பஞ்சம் வந்த காலத்தில், கொலம்பியா பல்கலைக்கழகத்தின் ஆசிரியர் கல்லூரியில் மில்ட்ரெட் மோன்டாக் என்பவர் செய்த ஆய்விலிருந்து முளைத்தது இந்தப் படிப்பு. 1952-இல் சில கல்லூரிகளில் சோதனையாகத் தொடங்கினார்கள். நாலு வருடம் படித்தவருக்கும் நமக்கும் தேர்வும் ஒன்றுதான், ஆர்.என். லைசென்ஸும் ஒன்றுதான். பெரிய ஆஸ்பத்திரிகள் பி.எஸ்.என். என்ற நாலு வருட நர்சிங் பட்டம் கேட்பது மட்டும் உண்மை. நான் ஒரு மறுவாழ்வு மையத்தில் வேலை பார்த்துக்கொண்டே ஆன்லைனில் அதை முடித்தேன். கல்லூரியைத் தேர்ந்தெடுக்கக் கட்டடத்தைப் பார்க்காதே. டெக்சஸ் நர்சிங் போர்டின் தளத்தில் ஒவ்வொரு கல்லூரியிலும் முதல் முறையிலேயே என்கிளெக்ஸ் பாஸ் செய்தவர்கள் நூற்றுக்கு எத்தனை பேர் என்று போட்டிருக்கும். 80 போர்டு வைத்திருக்கும் அளவு. அதற்குக் கீழே தள்ளாடும் கல்லூரி என்றால் யோசி.

கணக்கைப் பற்றி உனக்குப் பயம் இருக்காது. எனக்கும் இருக்கவில்லை, பாளையங்கோட்டையில் பி.எஸ்சி. மேத்ஸ் படித்தவள், கணக்கு தண்ணீர் பட்ட பாடு. 500 மில்லியில் 25,000 யூனிட் ஹெப்பரின் (ரத்தம் உறையாமல் தடுக்கும் மருந்து) இருக்கிறது, மணிக்கு 1,000 யூனிட் போக வேண்டும், பம்பில் எத்தனை மில்லி வைப்பாய்? இருபது. எட்டாம் வகுப்புக் கணக்கு. முதல் மருந்துக் கணக்குத் தேர்வில் பாஸ் மார்க் 90, நான் வாங்கியது 88. விடை எல்லாம் சரி. ஓரிடத்தில் '.5' என்று எழுதியிருந்தேன், இன்னோரிடத்தில் '5.0'. புள்ளி கண்ணில் படாவிட்டால் முதலாவதை 5 என்றும் இரண்டாவதை 50 என்றும் படிப்பார்கள், பத்து மடங்கு மருந்து உள்ளே போய்விடும். 0.5 என்றும் 5 என்றும் மட்டுமே எழுத வேண்டும். இப்போது மளிகைச் சீட்டில்கூடப் புள்ளிக்கு முன்னால் பூஜ்யம் போடாமல் என் கை நகர்வதில்லை.

நம் மனப்பாடமும் கேள்வித்தாளில் பாதி தூரம்தான் வரும். நாலு நோயாளிகளைக் கொடுத்து முதலில் யாரிடம் போவாய் என்பார்கள். நாலு பேரிடமும் போகத்தான் வேண்டும், அதனால் நாலுமே சரியான விடை மாதிரித் தெரியும். என் காலத்தில் என்கிளெக்ஸ் 75 முதல் 265 கேள்வி வரை போகும், எனக்கு 75-ஆம் கேள்வியில் திரை அணைந்தபோது பாஸா பெயிலா என்று தெரியாமல் பார்க்கிங்கில் அரை மணி நேரம் உட்கார்ந்திருந்தேன். 2023 ஏப்ரல் முதல் புது வடிவம், 85 முதல் 150 கேள்வி, ஐந்து மணி நேரம்.

எனக்கு உண்மையிலேயே கஷ்டமாக இருந்தது வாய்தான். இரண்டாம் செமஸ்டர் கிளினிக்கல், அதாவது ஆஸ்பத்திரிப் பயிற்சி. மறுநாள் அறுவை சிகிச்சைக்குக் காத்திருந்த ஒரு பெரியவர் என் கையைப் பிடித்துக்கொண்டு, நான் பிழைத்துவிடுவேனா என்றார். 'ஒண்ணும் ஆகாது, கவலைப்படாதீங்க' என்பதைத்தான் ஆங்கிலத்தில் சொன்னேன். நம் வீட்டில் யார் படுத்திருந்தாலும் முதலில் வருகிற வார்த்தை அது. பயிற்சி ஆசிரியை என்னை வராந்தாவுக்குக் கூப்பிட்டார். 'ஒன்றும் ஆகாது என்று உனக்கு எப்படித் தெரியும்? அவர் பேச வாயெடுத்தார், நீ மூடிவிட்டாய்' என்றார். முகம் செத்துப்போய் மறுபடி உள்ளே போய், எதை நினைத்தால் பயமாக இருக்கிறது என்று மட்டும் கேட்டேன். கொஞ்ச நேரம் கூரையைப் பார்த்தார். பிறகு சொன்னார்: வீட்டில் மனைவிக்குக் கண் சரியாகத் தெரியாது, தினமும் இன்சுலின் போட்டுவிடுவது அவர்தான், இரண்டு நாளாக யார் போடுகிறார்கள் என்றே தெரியவில்லை. அன்று மதியமே சமூகப் பணியாளர் அந்த வீட்டுக்கு ஆள் ஏற்பாடு செய்தார். 'ஒண்ணும் ஆகாது' என்ற விடை என்கிளெக்ஸில் வந்தால் கண்ணை மூடிக்கொண்டு ஒதுக்கிவிடு, அது பெரும்பாலும் தப்பு.

இன்னொன்று, உடம்பு. முன்பின் தெரியாத ஒருவரைக் குளிப்பாட்டி, மலம் துடைத்து, படுக்கை மாற்ற வேண்டும். நான் சேர்ந்த செய்தி கேட்டு என் பெரியம்மா 'பீ மூத்திரம் அள்ளவா அமெரிக்கா போனே?' என்றார். அள்ளத்தான் வேண்டும். உனக்கு அது ஒத்துவருமா என்று தெரிந்துகொள்ள நாலு வருடம் செலவழிக்காதே. சி.என்.ஏ. என்ற நர்ஸ் உதவியாளர் பயிற்சி டெக்சஸில் 100 மணி நேரம்தான், அதில் 40 மணி நேரம் நேரடியாக நோயாளிகளோடு. முதலில் அதில் சேர். பின்புலச் சோதனைக்கு சோஷியல் செக்யூரிட்டி நம்பர் இல்லாவிட்டால் என்ன செய்வது என்பதையும் பணம் கட்டும் முன்பே கேட்டுவிடு.

கடைசியாக ஒரு சின்ன வேலை. கிளினிக்கலுக்கு முன் தடுப்பூசிக் கணக்குக் கேட்பார்கள். சின்ன வயதில் அம்மை போட்டு வேப்பிலையில் படுத்திருந்தேன் என்றால் பல இடங்களில் எழுதிக்கொள்ள மாட்டார்கள், தடுப்பூசிச் சான்றோ ரத்தத்தில் எதிர்ப்புச் சக்தி பார்த்த காகிதமோ வேண்டும். உன் தோளில் பி.சி.ஜி. தழும்பு இருந்தால் டி.பி.க்குத் தோலில் ஊசி போட்டுப் பார்க்கும் சோதனை வீங்கிக் காட்டக்கூடும். எனக்கு வீங்கி, மார்பு எக்ஸ்ரே எடுத்து, இரண்டு வாரம் அலைந்தேன். ரத்தச் சோதனையே செய்யுங்கள் என்று கேள், பி.சி.ஜி. அதைக் குழப்பாது. அம்மாவிடம் சொல்லிப் பழைய தடுப்பூசி அட்டையைத் தேடிப் படம் எடுத்து அனுப்பச் சொல். ஐ-140 எந்த நிலையில் இருக்கிறது என்று வீட்டுக்காரரிடம் கேட்டுவிட்டு எனக்கு எழுது. அது தெரிந்தால் எந்த செமஸ்டரில் தொடங்கலாம் என்று உட்கார்ந்து பார்ப்போம்.