முள்ளங்கி விதையும் கணினித் தேடலும்

கேள்வி: காய்கறிப் பயிர்களில் பூஞ்சையை எதிர்க்கும் புரதங்களைக் கணினியிலேயே கண்டறிகிறார்கள் என்று படித்தேன். செடியைத் தொடாமல் அதை எப்படிச் சொல்ல முடியும்?

பதில்: செடியைத் தொடாமல் பாதிதான் சொல்ல முடியும். அந்தப் பாதி எது என்பதற்கு முள்ளங்கியைவிட நல்ல சான்று எனக்குத் தெரியவில்லை. அதன் விதை முளைக்கையில் தோல் கிழிந்ததும், டிஃபென்சின் எனப்படும் சிறு புரதங்கள் கசிந்து, முளையைச் சுற்றிப் பூஞ்சை வளராத வளையம் ஒன்றை உண்டாக்குகின்றன. அவற்றுள் இரண்டை பெல்ஜியத்தின் லூவன் நகர ஆய்வாளர்கள் பிரித்தெடுத்து 1992இல் அறிவித்தார்கள்; ஒவ்வொன்றிலும் உள்ளவை வெறும் 51 அமினோ அமிலங்கள்.

அவற்றில் 8, சிஸ்டீன் எனப்படும் கந்தகம் உள்ள அமினோ அமிலங்கள். இரண்டிரண்டாகக் கந்தகப் பிணைப்பால் கோத்துக்கொண்டு, புரதத்தை 4 இடங்களில் பூட்டிவிடுகின்றன. செடிக்குச் செடி மற்ற அமினோ அமிலங்கள் பெரிதும் மாறினாலும், சிஸ்டீன்களுக்கு இடையிலான இடைவெளி அமைப்பு ஏறத்தாழ மாறாமல் நிற்கிறது. செடியின் மரபணு வரிசையில் கணினி தேடுவது இந்த அமைப்பைத்தான். முள்ளங்கியைப் போலவே கடுகுக் குடும்பத்தைச் சேர்ந்த அராபிடாப்சிஸ் செடியின் மரபணுத் தொகுதி 2000இல் வெளியான பிறகும், இத்தகைய குட்டி மரபணுக்களில் பெரும்பாலானவை பட்டியலில் ஏறாமலே கிடந்தன. சிஸ்டீன் அமைப்பை வைத்துத் தேடிய 2005ஆம் ஆண்டு ஆய்வில்தான் டிஃபென்சின் போன்றவை 300க்கும் மேல் வெளிப்பட்டன. புரதம் செல்லுக்கு வெளியே அனுப்பப்படுமா, எவ்வடிவில் மடியும் என்பவற்றையும் இன்றைய மென்பொருள்கள் ஓரளவு நன்றாகவே கணிக்கின்றன.

ஆனால் முள்ளங்கியின் அந்த இரு புரதங்களுக்குள் 5ஆம், 27ஆம் இடங்களில் மட்டுமே வேறுபாடு. அப்படியிருந்தும், கால்சியம், பொட்டாசியம் உப்புகள் கலந்த நீர்மத்தில் முதலாவது பெரிதும் வலுவிழக்க, இரண்டாவது அதைவிட நன்றாகத் தாக்குப்பிடிக்கிறது. அமினோ அமில வரிசைகளை அருகருகே வைத்து ஒப்பிட்டால் இரண்டும் ஒன்றே என்றுதான் தோன்றும். இரண்டாவது புரதம் பூஞ்சையின் செல்சவ்வில் உள்ள குளுக்கோசில்செரமைடு என்ற கொழுப்பைப் பற்றுகிறது என்பதும், அக்கொழுப்பை உருவாக்க இயலாத பூஞ்சைகளை வளர்த்துப் பார்த்த பிறகே உறுதியானது.

ஆகவே, தக்காளியிலோ கத்தரியிலோ இத்தனை புரதங்கள் கிடைத்தன என்று படிக்கும்போது, அவற்றைத் தேர்வுக்கு அழைக்கப்பட்டவர்களின் பட்டியலாகவே கொள்ளுங்கள். தேர்வு நடப்பது ஆய்வகத்தில், பூஞ்சை வித்துகள் இட்ட நீர்மத்தில் அப்புரதத்தைச் சேர்த்து, உப்பு இல்லாமல் ஒருமுறையும் உப்புடன் ஒருமுறையும், இழைகள் நீள்கின்றனவா என்று அளக்கும்போதுதான்.