முதல் பருவத்திலேயே இரண்டு அரியர்: மகள் படிப்பைத் தொடர்வாரா?

பள்ளியில் எப்போதும் முதல் சில இடங்களுக்குள் இருந்த உங்கள் மகள், கல்லூரியின் முதல் பருவத் தேர்வில் இரண்டு தாள்களில் தேர்ச்சி பெறவில்லை என்றும், இரண்டாம் பருவம் தொடங்கிச் சில வாரங்களிலேயே வகுப்புக்குப் போவதைக் குறைத்துக்கொண்டு, ‘இந்தப் படிப்பு எனக்கு ஒத்துவராது’ என்று சொல்லத் தொடங்கியிருக்கிறார் என்றும் எழுதியிருக்கிறீர்கள். பாடப்பிரிவை மாற்றுவதா, ஓராண்டு நிறுத்திவைப்பதா, கண்டிப்பதா, விட்டுப்பிடிப்பதா என்று கேட்டிருக்கிறீர்கள். இந்தக் கேள்விகளுக்கு விடை உண்டு; ஆனால் அவற்றுக்கு முன்னால் கேட்க வேண்டியது ஒன்று இருக்கிறது. பருவம் முழுவதும் அந்த இரண்டு பாடங்களில் தனக்கு இருந்த சிக்கலை அவர் யாரிடமாவது வாய்திறந்து சொன்னாரா?

தவறிய தாளை மறுபடி எழுதித் தேறிவிடலாம். படிப்பைக் கைவிடும் நிலைக்கு மாணவர்களைத் தள்ளுவது பெரும்பாலும் அந்தத் தாள் அன்று. அதைப் பற்றிய மௌனம். என்னிடம் ஆலோசனைக்கு வருபவர்களைப் பார்த்த அளவில், விலகும் முடிவை யாரும் ஒரே நாளில் எடுப்பதில்லை. முதலில் ஒரு வகுப்பு தப்புகிறது; தப்பிய வகுப்பின் குறிப்பைக் கேட்கக் கூச்சமாக இருக்கிறது; அதனால் அடுத்த வகுப்பு புரியாமல் போகிறது; புரியாத வகுப்பில் உட்கார்ந்திருப்பதைவிட அறையில் படுத்திருப்பது எளிதாகிவிடுகிறது; ஒப்படைப்புக்கான தேதி கடந்தபின் ஆசிரியரின் கண்ணில் படாமல் நடக்கத் தோன்றுகிறது. இப்படிப் பல வாரங்கள் சென்ற பிறகுதான் ‘ஒத்துவராது’ என்ற பேச்சு வீட்டுக்கு வந்து சேர்கிறது. உங்களுக்கு அது சிக்கலின் தொடக்கமாகத் தெரிகிறது. அவருக்கோ அது ஏறக்குறைய முடிவு.

அமெரிக்கச் சமூகவியலாளர் வின்சென்ட் டின்டோ, மாணவர்கள் கல்லூரியை இடையில் விடுவது ஏன் என்பதை 1975-இல் ஒரு கோட்பாடாக வகுத்தார். பாடத்தோடும் ஆசிரியரோடும் ஏற்படும் பிணைப்பு ஒன்று, சக மாணவர்களோடும் வளாக வாழ்க்கையோடும் ஏற்படும் பிணைப்பு மற்றொன்று. இவை தளரும்போது தொடர வேண்டும் என்ற உறுதியும் தளர்கிறது என்பது அதன் சாரம். விடுதியில் தங்கிப் படிக்கும் மாணவர்களை மனத்தில் கொண்டு வகுக்கப்பட்டது, வீட்டிலிருந்து வந்துபோகிறவர்களுக்கும் வேலை பார்த்துக்கொண்டே படிப்பவர்களுக்கும் முழுமையாகப் பொருந்தாது என்று பிற்பாடு பலர் அதை விமர்சித்தார்கள். அந்த விமர்சனம் நியாயமானதே. ஆயினும் பெற்றோரிடம் பேசும்போது இந்தக் கோட்பாடு எனக்குப் பயன்படுவதற்குக் காரணம், ‘பிள்ளைக்கு அறிவு போதவில்லையா, சோம்பலா’ என்ற கேள்வியை அது விலக்கிவிட்டு, ‘அந்த வளாகத்தில் இவருக்கு யாரைத் தெரியும், யாருக்கு இவரைத் தெரியும்’ என்று கேட்க வைக்கிறது.

பள்ளியில் நன்றாகப் படித்தவர் கல்லூரியில் தடுமாறுவதற்கு முறை மாறியதும் ஒரு காரணம். பள்ளியில் ஆசிரியர் மாணவரைத் துரத்துவார். கல்லூரியில் துரத்துபவர் இல்லை. கால அட்டவணையில் காலியாகத் தெரியும் மணி நேரங்களை ஓய்வு நேரம் என்று புதிதாக வந்தவர் எண்ணிக்கொள்வது இயல்பு. ஐரோப்பியப் பல்கலைக்கழகங்களின் கிரெடிட் முறை, முழுநேரப் படிப்பின் ஓராண்டை 60 கிரெடிட் என்றும், ஒரு கிரெடிட்டுக்கு 25 முதல் 30 மணி நேர உழைப்பு என்றும் கணக்கிடுகிறது. அதாவது ஆண்டுக்கு 1,500 முதல் 1,800 மணி நேரம். வகுப்பில் அமரும் நேரம் அதில் ஒரு பகுதி மட்டுமே. மற்றதைத் தானே திட்டமிட வேண்டும் என்பதைப் பெரும்பாலான மாணவர்கள் முதல் தேர்வு முடிவு வந்த பிறகுதான் உணர்கிறார்கள்.

‘நன்றாகத்தான் படித்தேன், தேர்வறையில் வரவில்லை’ என்று உங்கள் மகள் சொன்னதாகக் குறிப்பிட்டிருக்கிறீர்கள். அவர் பொய் சொல்லவில்லை. உளவியலாளர்கள் ஹென்றி ரோடிகரும் ஜெஃப்ரி கார்பிக்கியும் 2006-இல் வெளியிட்ட ஆய்வில், ஒரு பகுதியைத் திரும்பத் திரும்பப் படித்த மாணவர்கள் ஐந்து நிமிடம் கழித்து வைத்த தேர்வில் முன்னால் நின்றார்கள். படித்ததைப் பார்க்காமல் நினைவிலிருந்து எழுதிப் பார்த்தவர்களோ ஒரு வாரம் கழித்து வைத்த தேர்வில் அவர்களை முந்தினார்கள். மறுபடி மறுபடி வாசிக்கும்போது வரிகள் பழகிப்போகின்றன. பழகியதைத் தெரிந்ததாக மனம் எடுத்துக்கொள்கிறது. ஆகவே வகுப்பு நடந்த அன்று மாலையே குறிப்பேட்டை மூடிவைத்துவிட்டு, ஒரு வெள்ளைத் தாளில் அன்றைய பாடத்தின் வரையறைகளையும் சூத்திரங்களையும், ஒரு கணக்கின் படிகளையும் நினைவிலிருந்து எழுதிப் பார்க்கச் சொல்லுங்கள். பிறகு குறிப்பேட்டைத் திறந்து, விட்டுப்போனவற்றை வேறு நிற மையில் நிரப்பட்டும். சில நாள் கழித்து, அந்த வேறு நிறப் பகுதியை மட்டும் மறுபடி பார்க்காமல் எழுதினால் போதும். முதல் முறை தாளில் பாதி காலியாக இருக்கும். அதைக் கண்டு அவர் மனம் தளரக்கூடும் என்பதை முன்கூட்டியே சொல்லிவையுங்கள்.

அடுத்தது ஆசிரியரைச் சந்திப்பது. இதைத்தான் மாணவர்கள் மிகவும் தள்ளிப்போடுகிறார்கள். பெற்றோரும் ‘போய்ப் பாரேன்’ என்று ஒரு வார்த்தையில் சொல்லிவிடுகிறார்கள். ‘மேடம், எனக்கு எதுவுமே புரியவில்லை’ என்று போய் நிற்பவருக்கு ஆசிரியர் என்னதான் செய்ய முடியும்? போவதற்கு முன், திருத்திய விடைத்தாளோ அதன் நகலோ கிடைத்தால் அதையும், இல்லாவிட்டால் வகுப்புத் தேர்வின் தாளையும் எடுத்துக்கொண்டு, இழந்த மதிப்பெண்களை மூன்றாகப் பிரிக்க வேண்டும்: தெரியாமல் விட்டவை, தெரிந்தும் நேரம் போதாமல் விட்டவை, தெரியும் என்று நினைத்துத் தவறாக எழுதியவை. முதல் வகைக்குப் பாடத்தைப் படிக்க வேண்டும். இரண்டாம் வகைக்குக் கடிகாரத்தை வைத்துக்கொண்டு எழுதிப் பழக வேண்டும். மூன்றாம் வகைக்குத்தான் ஆசிரியர் வேண்டும், ஏனென்றால் தன் பிழை தனக்கே தெரியாத இடம் அது. ‘இந்தக் கணக்கில் மூன்றாவது படி வரை வந்துவிட்டேன், அதற்குப் பிறகு இந்தக் குறி ஏன் மாறுகிறது என்று தெரியவில்லை’ என்று விரலை வைத்துக் காட்டினால், ஐந்து நிமிடத்தில் வேலை முடியும். மேலும், அந்த ஐந்து நிமிடத்துக்குப் பிறகு அந்த ஆசிரியருக்கு இவருடைய பெயர் தெரியும். வராத நாளில் ஏன் வரவில்லை என்று கேட்க ஒருவர் இருப்பார்.

தனிப்பயிற்சிக்கு அனுப்பலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். வேண்டாம் என்று சொல்லமாட்டேன். ஆனால் முதல் மருந்து அதுவன்று. கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் பெர்க்லி வளாகத்தில் 1970-களில் யூரி ட்ரைஸ்மன் என்ற கணிதவியலாளர், கால்குலஸ் பாடத்தில் கறுப்பின மாணவர்கள் அதிகமாகத் தவறுவது ஏன் என்று ஆராயப் புகுந்தார். ஆர்வக் குறைவு, அடிப்படை போதாமை, குடும்பத்தின் ஊக்கமின்மை என்று மற்றவர்கள் ஊகித்த காரணங்கள் எவையும் நிற்கவில்லை. அவர்கள் கடுமையாகவே உழைத்தார்கள்; ஆனால் தனித்தனியே உழைத்தார்கள். அதே பாடத்தில் நன்றாகத் தேறிய சீன வம்சாவளி மாணவர்களோ தனியே கணக்குகளைப் போட்டபின் கூடி அமர்ந்து, ஒருவர் விடையை மற்றவர் சரிபார்த்து, எல்லோருக்குமே வராத கணக்கு எது என்பதைக் கண்டுகொண்டார்கள். தன்னால் மட்டும் முடியவில்லை என்ற எண்ணம் அந்தக் கூட்டத்தில் தங்க இடமில்லை. ட்ரைஸ்மன் பின்னர் அமைத்த பயிற்சிக் குழுக்களில் பழைய பாடத்தைத் திரும்ப நடத்தாமல், வழக்கத்தைவிடக் கடினமான கணக்குகளைக் கூட்டாகப் போடக் கொடுத்தார். பங்கேற்றவர்களின் தேர்ச்சி வெகுவாக உயர்ந்தது.

மிசூரி பல்கலைக்கழகத்தின் கான்சாஸ் சிட்டி வளாகத்தில் டியானா மார்ட்டின் 1973-இல் தொடங்கிய துணைப்பயிற்சி முறையும் இதே வழியில் செல்வது. அதில் ‘பின்தங்கிய மாணவர்’ என்று எவரையும் பிரித்து உட்கார வைப்பதில்லை. அதிகம் பேர் தவறும் பாடத்தைத் தேர்ந்து, அதை ஏற்கெனவே நன்றாக முடித்த மூத்த மாணவர் ஒருவரைக் கொண்டு, விரும்பும் எல்லோருக்கும் வாராந்தர அமர்வு நடத்துகிறார்கள். உங்கள் மகளின் கல்லூரியில் இப்படி ஏதேனும் இருக்கிறதா என்று அவரே துறை அலுவலகத்தில் கேட்கட்டும். இல்லையென்றால், அதே இரண்டு தாள்களில் தவறிய மூன்று நான்கு பேர் வகுப்பில் நிச்சயம் இருப்பார்கள். அவர்கள் வாரத்தில் ஒரு நாள் ஒரே மேசையில் அமர்ந்தாலே பாதி தொலைவு கடந்தமாதிரி. குழுப் படிப்பு என்ற பெயரில் அரட்டையாகிவிடும் என்ற உங்கள் அச்சமும் எனக்குத் தெரியும். அவரவர் தனியே முயன்று பார்த்த கணக்குகளோடு வர வேண்டும் என்ற ஒரு விதி அதைப் பெருமளவு கட்டுப்படுத்தும்.

கிரெகரி வால்ட்டன், ஜெஃப்ரி கோஹன் ஆகியோர் 2011-இல் வெளியிட்ட ஓர் ஆய்வையும் சொல்ல வேண்டும். ‘நான் இங்கு உரியவன்தானா’ என்ற ஐயம் முதலாண்டில் ஏறக்குறைய எல்லோருக்கும் வருவது, காலப்போக்கில் கரைவது என்று மூத்த மாணவர்கள் கூறியதைப் புதிய மாணவர்கள் படித்து, அதைத் தங்கள் அனுபவத்தோடு பொருத்தி எழுதி, கேமரா முன் பேசினார்கள்; எல்லாம் ஒரு மணி நேரம் போல, அவ்வளவுதான். அதன் பயனாகக் கறுப்பின மாணவர்களின் மதிப்பெண் அடுத்த மூன்றாண்டுகளில் உயர்ந்தது. எல்லா வளாகங்களிலும் ஒரே அளவில் பலன் தரும் என்று இதை எடுத்துக்கொள்ளக் கூடாது. எனினும், முதல் பருவத்தில் தவறிப் பின்னர் நன்றாக முடித்த ஒரு மூத்த மாணவியிடம் அவர் அரைமணி நேரம் பேசுவது, நீங்களும் நானும் சொல்லும் ஆறுதலைவிட அதிகம் செய்யும்.

பணத்தைப் பற்றியும் நேரடியாகக் கேட்டுவிடுங்கள். வீட்டு நிலைமையை நினைத்துத் தேர்வுக் கட்டணத்தையோ புத்தகத்தையோ கேட்காமல் இருந்துவிடும் பிள்ளைகள் உண்டு. ஜார்ஜியா ஸ்டேட் பல்கலைக்கழகம், கட்டணத்தில் சிறு தொகை குறைந்ததற்காகவே நல்ல மாணவர்களின் பெயர் நீக்கப்படுவதைக் கவனித்து, அந்தக் குறையை ஈடுகட்டச் சிறு மானியம் தரத் தொடங்கியது. படிப்பை முடிக்கும் நிலையில் இருந்த பலர் அதனால் தங்கினார்கள். உதவித்தொகைக்கான விண்ணப்ப நாள்கள் கல்லூரி அலுவலகத்தில் தெரியும். தூக்கம், பசி, பேச்சு ஆகியவை குறைந்து இரண்டு வாரங்களுக்கு மேல் ஆகியிருந்தால், படிப்பைப் பற்றிய பேச்சை நிறுத்திவிட்டு முதலில் மருத்துவரையோ உளவியல் ஆலோசகரையோ பாருங்கள், அரியர் காத்திருக்கும்.

இனி, பாடப்பிரிவை மாற்றுவது. ஒரு பருவ முடிவை மட்டும் வைத்து மாற்றாதீர்கள். பாடம் கடினமாக இருக்கிறது என்பதும், பாடம் கொண்டுசேர்க்கும் வேலை பிடிக்கவில்லை என்பதும் வெவ்வேறு. முன்னதற்கு மேலே சொன்ன வழிகள் உண்டு. பின்னதற்கே மாற்றம் தேவை. இந்த வேறுபாடு உண்மையில் இரண்டாம் ஆண்டில்தான் தெளிவாகும், ஏனென்றால் முதலாண்டுப் பாடங்களில் பல எல்லாப் பிரிவுகளுக்கும் பொதுவானவை. இரண்டாம் ஆண்டுக்கு வேறொரு தொல்லையும் உண்டு. புதியவர்களுக்கான கவனிப்பு நின்றிருக்கும், பாடங்கள் கனத்திருக்கும், முடிவோ வெகுதொலைவில் இருக்கும். முதலாண்டைத் தாண்டியவர்கள் சிலர் இங்கே சோர்ந்து நிற்கிறார்கள். அப்போது ஒரு சிறு திட்டப்பணியோ, விடுமுறைக்காலப் பயிற்சியோ, துறை மன்றத்தில் ஒரு பொறுப்போ, படிப்பு எதற்கு என்பதைக் கண்ணால் காணச் செய்யும்.

ஓராண்டு நிறுத்திவைப்பது உடல்நலமோ குடும்பச் சூழலோ கட்டாயப்படுத்தினால் மட்டும் சரி. அப்போதும் வகுப்புக்குப் போகாமல் நின்றுவிடுவது கூடாது. விடுப்புக்கு எழுத்துமூலம் அனுமதி பெற்று, திரும்பிச் சேரும் தேதியையும் எத்தனை ஆண்டுகளுக்குள் படிப்பை முடிக்க வேண்டும் என்ற விதியையும் கேட்டு வைத்துக்கொள்ள வேண்டும்.

வீட்டில் பேசும்போது ‘எவ்வளவு வாங்கினாய்’ என்பதைச் சில வாரங்களுக்கு ஒதுக்கிவையுங்கள். ‘இந்த வாரம் எந்த ஆசிரியரிடம் பேசினாய், யாரோடு அமர்ந்து படித்தாய், எது இன்னும் புரியவில்லை’ என்று கேளுங்கள். அவருக்காக நீங்கள் கல்லூரிக்குப் பேசிவிட வேண்டாம். கேட்டுப் பெறும் பழக்கம் அவருக்கு வர வேண்டும். தவறிய இரண்டு தாள்களில் அடுத்த பாடத்துக்கு அடிப்படையாக இருப்பது எது என்று பாடத்திட்டத்தில் பார்த்து அதையே முதலில் எழுதட்டும், மற்றது அதற்கடுத்த பருவத்துக்குப் போனாலும் பெரிய இழப்பில்லை. மறுதேர்வுக்குப் பதிவு செய்ய இறுதி நாள் எது என்பதை இந்த வாரமே அவர் துறை அலுவலகத்தில் கேட்டு எழுதிவைக்கட்டும்.