மாதுங்காவுக்கு எத்தனை மணிக்குப் போவது? – கடிதமும் பதிலும்

அன்புள்ள சார்,

உங்கள் மும்பைக் கட்டுரைகளைத் தொடர்ந்து படிக்கிறேன். போன வருடம் கோவையிலிருந்து மாற்றலாகி இங்கே வந்தேன். பவாயில் இருக்கிறேன். நீங்கள் அடிக்கடி மாதுங்காவைப் பற்றி எழுதுவதால் ஒரு ஞாயிற்றுக்கிழமை ஆசையாகக் கிளம்பிப் போனேன். பேர்போன கடை ஒன்றின் வாசலில் பெயர் கொடுத்துவிட்டு முக்கால் மணி நேரம் வெயிலில் நின்றேன். உள்ளே போனால் சாம்பார் தித்திக்கிறது. சுற்றியிருந்த மேஜைகளில் எல்லாம் குஜராத்திக் குடும்பங்கள். எங்கள் ஆபீஸ் பக்கத்தில் மைசூர் மசாலா கேட்டால், பீட்ரூட்டையும் குடைமிளகாயையும் மசித்துத் தோசைக்குள் சிவப்பாக எதையோ தடவித் தருகிறார்கள். நம்ம ஊர் ருசி இங்கே எங்கேதான் கிடைக்கும்?

உங்களுக்குப் பிடித்த கடைகள் என்று ஒரு பத்துப் பெயர் எழுதினால் என்னைப் போன்றவர்களுக்கு உதவியாக இருக்கும். ஆப்பில் நட்சத்திரம் பார்த்துப் போய் அலுத்துவிட்டது. பொங்கலுக்கு அம்மா வருகிறார். அவரை எங்கே அழைத்துப் போகலாம் என்றும் சொல்லுங்கள்.

அன்புடன்,
எம்., பவாய்

*

அன்புள்ள எம்.,

பத்துப் பெயர் தருவதில் எனக்கொன்றும் சிரமமில்லை. ஆனால் அதை வைத்துக்கொண்டு நீங்கள் மறுபடியும் ஞாயிற்றுக்கிழமை பதினொரு மணிக்குப் போய் நிற்பீர்கள், எனக்கு மறுபடியும் இதே கடிதம் வரும். இந்த ஊரின் நல்ல சாப்பாட்டுக் கடைகளில் முக்கால்வாசி, யாரோ ஒரு கூட்டத்துக்காக, அவர்களுக்குப் பசிக்கிற ஒரு நேரத்துக்காகத் தொடங்கப்பட்டவை. அந்த நேரத்துக்குப் போகவேண்டும். நட்சத்திரம் போடுகிறவர்கள் இதைச் சொல்வதில்லை.

சாம்பார் வழக்கை முதலில் தீர்த்துவிடலாம். 1896-ல் பம்பாயைப் பிளேக் உலுக்கியது. நெரிசலைக் குறைக்க 1898-ல் அமைக்கப்பட்ட இம்ப்ரூவ்மென்ட் டிரஸ்ட், தாதர், மாதுங்கா பக்கம் மனை பிரித்துத் தெரு போட்டது. பிற்பாடு அங்கே எழும்பிய கட்டடங்களுக்கு, டைப்பும் ஷார்ட்ஹேண்டும் படித்துவிட்டு வேலை தேடி வந்த தென்னாட்டுப் பையன்கள் குடிவந்தார்கள். நாலைந்து பேருக்கு ஓர் அறை, அதில் அடுப்பு கிடையாது. அவர்களுக்குச் சோறு போட்டவர்கள் பெரும்பாலும் உடுப்பி, மங்களூர்ப் பக்கத்துக்காரர்கள். கஃபே மைசூர் 1936. ராம் ஆஷ்ரயா 1939. கஃபே மெட்ராஸ் 1940. ராமா நாயக்கின் உடுப்பி ஸ்ரீ கிருஷ்ணா போர்டிங் 1942. பெயரில் மெட்ராஸ் இருப்பதால் நம்மவர் கடை என்று நினைத்துக்கொள்கிறோம். அதுவும் கன்னடக் கரையோரத்துக் காமத் குடும்பத்துடையதுதான். அந்தக் கரையின் சாம்பாரில் அரைத்த தேங்காயும் உண்டு, வெல்லமும் உண்டு. ஆகவே தித்திப்புக்குக் குஜராத்திகள்மேல் பழி போடாதீர்கள். அவர்கள் வந்து அதைக் குறைய விடாமல் பார்த்துக்கொள்கிறார்கள் என்று வேண்டுமானால் சொல்லலாம்.

குடிவந்த பையன்களுக்குக் கல்யாணமாயிற்று, குடும்பம் வந்தது, வீட்டில் அடுப்பு எரிந்தது. அடுத்த தலைமுறை செம்பூர், முலுண்ட், டோம்பிவிலி, நவி மும்பை என்று நகர்ந்துவிட்டது. விட்டுப்போன வீடுகளுக்குக் குஜராத்திகள் வந்தார்கள். ஞாயிறு காலை நீங்கள் பார்த்த வரிசை அவர்களுடைய குடும்ப உலா. அந்த நேரத்தில் அது அவர்கள் கடை, நீங்கள் விருந்தாளி.

வேலைநாளில் விடியற்காலை போய்ப் பாருங்கள். மாதுங்கா ஸ்டேஷன் அருகே ராம் ஆஷ்ரயா ஐந்து மணிக்கே திறந்துவிடும். பூச்சந்தைக்கு வந்தவர்கள், நடைப்பயிற்சிக்காரர்கள், முதல் ஷிப்டுக்குப் போகிறவர்கள் என்று தூக்கம் கலையாத முகங்கள். யாரும் அதிகம் பேசுவதில்லை. அந்த நேரத்து உப்புமாவில் கடுகும் கறிவேப்பிலையும் இன்னும் மொரமொரப்பாக இருக்கும்; எட்டு மணிக்கு மேல் அது வேறு உப்புமா. அன்னாசிப்பழம் போட்ட கேசரியை இங்கே ஷீரா என்பார்கள். ஒரு கரண்டிக்கு மேல் என்னால் முடியாது, ஆனால் அந்த ஒரு கரண்டி வேண்டும்.

கஃபே மெட்ராஸுக்கும் வேலைநாள் காலைதான் சரி. தோசையை மறந்துவிட்டு ரச வடை வாங்குங்கள். கிண்ணத்தில் வடை மூழ்கிக் கிடக்கும், மேலே கொத்தமல்லி மிதக்கும். வந்தவுடன் ஸ்பூனை வைக்காதீர்கள். இரண்டு நிமிடம் விட்டால் ஓரம் மட்டும் ஊறி, நடுவில் வடை தன் கெட்டித்தனத்தோடு இருக்கும். அப்போது விண்டு, ரசத்தோடு சேர்த்து. ரசத்துக்கு அவர்கள் வெல்லத்தைக் கொண்டுவருகிறார்களா என்ற ஆராய்ச்சியெல்லாம் அப்புறம் வைத்துக்கொள்ளலாம்.

மதியம் என்றால் ராமா நாயக். ஸ்டேஷனை ஒட்டிய மார்க்கெட் கட்டடத்தில் மாடி ஏறவேண்டும். டோக்கன் வாங்கிக்கொண்டு உட்கார்ந்தால், தட்டில் அளவுச் சாப்பாடும் உண்டு, இலை போட்டு அளவில்லாச் சாப்பாடும் உண்டு. மாடி ஏறியபிறகு தட்டு வாங்குகிறவர்களை நான் கொஞ்சம் சந்தேகத்தோடுதான் பார்ப்பேன். இந்த இடம் போர்டிங்காகத் தொடங்கியது என்பது பரிமாறுகிறவர்களின் நடையிலேயே தெரியும். கெஞ்சவும் மாட்டார்கள், விரட்டவும் மாட்டார்கள். இரண்டாம் முறை ரசத்துக்குக் கை காட்டினால், சாதத்தில் நீங்கள் குழி போடும்வரை வாளியோடு காத்து நிற்பார்கள். பம்பாயில் மதிய நேரத்தில் இன்னொருவர் உங்களுக்காகக் காத்து நிற்பது வேறெங்கும் நடக்காது. இங்கேயும் சாம்பார் உடுப்பிச் சாம்பார்தான். மோர் வரும்வரை எழுந்துவிடாதீர்கள்.

சாப்பிட்டு இறங்கினால் கீழேயே காய்கறிச் சந்தை. வாழைப்பூ, வாழைத்தண்டு, சேனை, சின்ன வெங்காயம், சில நாள் சுண்டைக்காய்கூட. பவாய் சூப்பர் மார்க்கெட்டில் கண்ணாடிக் காகிதம் சுற்றி வைத்திருக்கும் முருங்கைக்காயைப் பார்த்து நொந்திருப்பீர்கள். இங்கே கட்டாக வாங்கலாம். அப்படியே மைசூர் கன்சர்ன்ஸில் காப்பிப்பொடி. கொட்டை அரைபடும் வாசனை தெருமுனையிலேயே பிடித்து இழுக்கும். சிக்கரி எத்தனை என்று சொல்லி வாங்கவேண்டும். பை கைக்கு வரும்போது சூடாக இருக்கும்.

ஒரு எச்சரிக்கை. ஊரில் குடித்த அதே காப்பி வரவில்லை என்று பொடியைக் குறை சொல்லாதீர்கள். கோவையில் உங்கள் வீட்டில் பசும்பால் வாங்கியிருப்பார்கள். மும்பையில் தபேலா எனும் மாட்டுக் கொட்டில்களிலிருந்து வருவது எருமைப்பால். அதன் கொழுப்பு டிகாக்‌ஷனை அமுக்கிவிடும். பொடியை ஒரு ஸ்பூன் கூட்டிப் போடுங்கள், முதல் டிகாக்‌ஷனை மட்டும் எடுங்கள், பாலைச் சுண்டக் காய்ச்சாதீர்கள். எருமைப்பால் காப்பி நன்றாகவே இருக்கும், வேறு மாதிரி நன்றாக.

சரி, நம்ம ஊர் ருசி. அது மும்பையில் ஹோட்டல்களில் குறைவு. தேடித்தான் ஆகவேண்டும் என்றால் மணீஸ் லஞ்ச் ஹோம் இருக்கிறது. ரூயா கல்லூரிப் பக்கம் நெடுங்காலம் இருந்துவிட்டு இப்போது சயனில். பாலக்காட்டுக் கை என்பதால் உங்கள் நாக்குக்குக் கொஞ்சம் பக்கத்தில் வரும். ஆனால் அசல் விஷயம் பலகை மாட்டாத சமையல்களில் இருக்கிறது. இந்த ஊருக்கு அது புதிதல்ல. மில் பேட்டையான கிராங்காவின் தொழிலாளர்களுக்குத் தங்கள் வீட்டு அடுப்பில் சமைத்துப் போட்ட பெண்களின் கானாவள் எனும் வீட்டுச் சாப்பாட்டுக் கடைகளை நம்பித்தான் அந்த மில்களே ஓடின. அந்தப் பெண்களை 1975-ல் பிரேமா புரவ் அன்னபூர்ணா மகிளா மண்டலாகத் திரட்டினார். 1982 வேலைநிறுத்தத்துக்குப் பிறகு மில்கள் சாய்ந்தன, பல அடுப்புகளும் அணைந்தன. நம் ஆட்கள் விஷயத்தில், செம்பூர் சேடா நகர், ஆன்டாப் ஹில், முலுண்ட் பக்கம் வீட்டிலிருந்தே சாப்பாடு கொடுக்கும் அம்மாக்கள் இன்றும் இருக்கிறார்கள். கோயில் வாசலில் விசாரித்தால் போதும். அவர்களைப் பற்றி நான் எழுதப்போவதில்லை. எழுதினால் நாளைக்கு ஐம்பது பேர் போய் நிற்பார்கள், அவர்களிடம் இருப்பதோ நாலு பர்னர்.

தாராவி இட்லியை இன்னும் நீங்கள் சாப்பிட்டிருக்க வாய்ப்பில்லை, ஏனென்றால் அது முடியும்போதுதான் பவாய் எழுந்திருக்கும். அங்கே நம் தென்மாவட்டத்துக்காரர்கள் நடுநிசி தாண்டியே அடுப்பு மூட்டிவிடுவார்கள். விடியும்போது அலுமினிய அண்டாவைச் சைக்கிளில் கட்டிக்கொண்டு, ரப்பர் ஹாரனை ‘போம் போம்’ என்று அமுக்கியபடி ஊரெங்கும் கிளம்பிவிடுவார்கள். மும்பையில் அந்தச் சத்தம் கேட்டால் இட்லி என்று குழந்தைக்கும் தெரியும். தெருவில் வாங்கினால் இட்லி ஆறியிருக்கும், சட்டினி தண்ணீராக இருக்கும். தாராவிக்குள் தொண்ணூறு அடி சாலைப் பக்கம் ஆறு மணிக்குப் போனால் தட்டிலிருந்து ஆவியோடு எடுத்துத் தருவார்கள். அங்கே காரச் சட்டினி காரமாகவே இருக்கும். வெல்லத்துக்கு வேலையே இல்லை.

மற்றவை சுருக்கமாக. ஃபோர்ட் பக்கம் ஆபீஸ் வேலையாகப் போனால் பல்லார்ட் எஸ்டேட்டில் பிரிட்டானியா ஹோட்டல். 1923-லிருந்து இருக்கிறது. பெர்ரி புலாவ் சாப்பிடுங்கள். ஈரானிலிருந்து வரும் சின்னச் சிவப்புப் பழம் புளிப்பாக மேலே தூவியிருக்கும். துறைமுகத்து ஆபீஸ் பேட்டை அது, மதியத்துக்குத்தான் உயிர். இரானி டீயும் வெண்ணெய் தடவிய பன் மஸ்காவும் என்றால் மெரைன் லைன்ஸ் அருகே 1904-ல் தொடங்கிய கயானி, காலையில். வடா பாவ் சாயங்காலம், ஸ்டேஷன் வாசலில், நின்றுகொண்டு. 1966 வாக்கில் தாதர் ஸ்டேஷன் வெளியே அசோக் வைத்யா தொடங்கிவைத்தார் என்பார்கள். வேலை விட்டு ரயிலுக்கு ஓடுகிறவன் ஒரு கையால் சாப்பிட வந்த பண்டம் அது. ஏசி ஹோட்டலில் தட்டில் வைத்து முள்கரண்டியோடு தருகிறார்கள், பார்க்கச் சகிக்கவில்லை.

மீன் சாப்பிடுவீர்களா என்று எழுதவில்லை. சாப்பிடுவீர்கள் என்றால் மாதம் பார்க்கவேண்டும். நம் கடற்கரையில் மீன்பிடித் தடைக்காலம் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை. இங்கே மேற்குக் கரையில் ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை. ஜூலையில் மழையைப் பார்த்துக்கொண்டு வவ்வால் மீன் வறுவல் கேட்டால் வருவது பெரும்பாலும் ஐஸில் கிடந்ததுதான். விவரமான கொங்கணக் கரையோரத்து மால்வணிக் குடும்பங்கள் அந்த இரண்டு மாதமும் கருவாட்டுக்குப் போய்விடும். நீங்களும் போய்விடுங்கள், பொம்பில் கருவாட்டுச் சட்டினியும் சுடுசோறும் மழைக்குப் பிரமாதம்.

ஊருக்கு ரயிலில் போகிறவர் என்றால் கர்ஜத். புனே வழியாகப் போகும் வண்டிகள் போர் காட் என்ற மலைப்பாதையில் ஏறவேண்டும், 37 அடிக்கு ஓர் அடி ஏற்றம். பின்னாலிருந்து தள்ளுவதற்கு பாங்கர் இன்ஜின் மாட்டக் கர்ஜத்தில் நிற்கும். அந்த நிறுத்தத்தை நம்பிப் பிளாட்பாரத்தில் ஒரு வடா பாவ் வியாபாரமே வளர்ந்துவிட்டது. திவாட்கர் வடை அதில் பேர்பெற்றது. ஜன்னல் வழியாகக் காசு போய், வடை வந்து, சில்லறை வருவதற்குள் வண்டி நகர்வதெல்லாம் உண்டு. வந்தே பாரத்துக்குப் பின்னாலிருந்து தள்ள ஆள் தேவையில்லை. அதில் போகிறவர்களுக்குக் கர்ஜத் வடையும் இல்லை.

அம்மா விஷயம். பொங்கலன்று காலை அவரைத் தாராவிக்கு அழைத்துப் போங்கள். தெருவில் வரிசையாக அடுப்பு மூட்டிப் பானை வைத்திருப்பார்கள். யாராவது கையில் பொங்கலைக் கொடுப்பார்கள், வேண்டாம் என்று சொல்லிவிடாதீர்கள். கரும்பும் மஞ்சள் கொத்தும் அங்கேயே கிடைக்கும். மல்லிகை வேண்டுமென்றால் மாதுங்கா ஆஸ்திக சமாஜம் கோயில் பக்கத்துப் பூக்காரர்களிடம். அரிசிம்பருப்பு சாதம் எங்கே கிடைக்கும் என்று அடுத்த கடிதத்தில் கேட்பீர்கள் என்று தெரியும். எந்தக் கடையிலும் கிடையாது. அம்மா வந்ததும் செய்யச் சொல்லுங்கள், சின்ன வெங்காயம் மாதுங்காவில் வாங்கிவைத்துவிடுங்கள்.

இவ்வளவு சொல்லியும் அவரைக் கஃபே மெட்ராஸுக்குத்தான் கூட்டிப்போவேன் என்றால், போங்கள். திங்கட்கிழமை மட்டும் வேண்டாம், அன்று அவர்களுக்கு விடுமுறை.