கான்கிரீட் தயாராக இருக்கிறதே!

கேள்வி: சிங்கப்பூரின் பாய லேபார் விமானப் படைத் தளம் 2030க்குப் பிறகு காலியாகப் போகிறது. 800 ஹெக்டர் நிலம். மேடு பள்ளம் கிடையாது. ஓடுபாதை, விமானக் கொட்டகை எல்லாம் தயார். தொழிற்சாலைகளைக் கொண்டுவந்து இறக்க வேண்டியதுதானே? எதற்கு இத்தனை ஆண்டுத் திட்டமும் ஆய்வும்?
– வாசகர், ஹவ்காங்

பதில்: தாராளமாக இறக்கலாம். பிறகு பெயர்த்தெடுக்கும் செலவு யார் தலையில் விழும் என்பதை மட்டும் முன்கூட்டியே பேசி வைத்துக்கொள்ளுங்கள்.

‘தயார்’ என்கிறீர்களே, அந்தக் கான்கிரீட்டையே எடுத்துக்கொள்வோம். ஓடுபாதை பார்வைக்குத்தான் சமதளம். மழைநீர் தேங்கக் கூடாது என்று நடுக்கோட்டிலிருந்து இரு பக்கமும் 1.5 விழுக்காடு வரை சரிவு வைத்துப் போடுவார்கள். 60 மீட்டர் அகல ஓடுபாதையில் ஓரம், நடுவைவிட 45 சென்டிமீட்டர் வரை தாழ்ந்திருக்கும். உயரமான அடுக்குகள் வைத்த கிடங்கில், குறுகிய சந்துக்குள் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிறவரைக் கேட்டுப் பாருங்கள். தரை சில மில்லிமீட்டர் பிசகினாலே, மேலே தூக்கிய சரக்கு அடுக்கில் இடிக்கும்.

போகட்டும், ஒற்றை மாடிக் கொட்டகை போட இங்கே யார் இடம் தருவார்கள்? லாரி நேராக மாடிக்கு ஏறிவரும் பல மாடித் தொழிற்கூடம்தான் கட்டுவார்கள். அதற்குப் பைலிங் வேண்டும், அதாவது கட்டடத்தைத் தாங்கும் தூண்களை (பைல்) நிலத்துக்குள் ஆழமாக இறக்க வேண்டும். பெரிய விமானங்களைத் தாங்கும் தளம் 40 சென்டிமீட்டர் கனம்கூட இருக்கும். பைலுக்குப் பைல் அதைத் துளைத்துக்கொண்டிருப்பதைவிட உடைத்து அள்ளுவதே மலிவு. அந்த வட்டாரத்தில் ஒரு பகுதி பழைய சதுப்பு நிலம் என்பதையும் மறந்துவிடாதீர்கள். களிமண் உள்ள இடத்தில் பைல்மேல் நிற்கும் கட்டடம் அசையாது, அதை ஒட்டிய சாலை ஆண்டுக்கு ஆண்டு அமிழும். லாரி நுழையும் வாசலில் படி விழும். சுவரைத் தாண்டி வெளியே வரும் கழிவுநீர்க் குழாய் சரியாக அந்த இடத்தில் முறியும். அங்கே வளைந்துகொடுக்கும் இணைப்பும், கட்டடத்துக்கும் சாலைக்கும் நடுவே கீல்போல மடங்கும் ஒரு தளமும் முதலிலேயே வரைபடத்தில் இருக்க வேண்டும்.

உடைத்த கான்கிரீட் வீணில்லை. 3,800 மீட்டர் நீளம், 60 மீட்டர் அகலம், 40 சென்டிமீட்டர் கனம் என்று கணக்குப் போட்டால் 91,000 கன மீட்டர். இரண்டு லட்சம் டன்னுக்கு மேல். மணலையும் கல்லையும் இறக்குமதி செய்கிற ஊரில் அது சொத்துதான், சாலைக்கு அடித்தளமாகும். (ஓடுபாதையைப் பசுமையான பொதுவெளியாக விட்டுவைக்கும் யோசனையும் இருக்கிறது. அப்படியானால் இந்தக் குவியலில் பெரும்பங்கு கிடைக்காது.)

ஆனால் எல்லாத் துண்டும் ஒரே குவியலுக்குப் போகக் கூடாது. எந்தப் பழைய விமானத் தளத்திலும் தீயணைப்புப் பயிற்சி நடந்த இடத்தைத் தனியாகக் கட்டம் கட்டிப் பார்க்க வேண்டும். பல பத்தாண்டுகளாக உலகெங்கும் எரிபொருள் தீயை அணைக்கப் பயன்பட்ட நுரையில் ஃபுளோரின் சேர்மங்கள் உண்டு. அவை மக்காது, நிலத்தடி நீரோடு நகரும், கான்கிரீட்டுக்குள்ளும் ஊறியிருக்கும். அதை நொறுக்கினால் மழை படும் பரப்பு பல மடங்காகி, கசிவும் கூடும். ஓரிடத்தில் கிடந்த அழுக்கைத் தீவு முழுக்கச் சாலை போட்டுப் பரப்பிய புண்ணியம் நமக்குச் சேரும்.

மண் பரிசோதனையிலும் ஒரு பொறி இருக்கிறது. விமான எரிபொருள் மண்ணெண்ணெய் வகை; தண்ணீரைவிட லேசு, நிலத்தடி நீரின் மேல் மிதக்கும். எஞ்சின் பாகங்களில் எண்ணெய்ப் பசை போக்கிய டிரைகுளோரோஎத்திலீன் போன்ற கரைப்பான்கள் தண்ணீரைவிடக் கனம்; கீழே கீழே இறங்கி, நீர் புகாத களிமண் அடுக்கின்மேல் போய்த் தங்கும். ஐந்து மீட்டர் துளை போட்டு ‘சுத்தம்’ என்று கையெழுத்திட்டால் முதலாவது அகப்படும், இரண்டாவது தப்பிவிடும். பின்னாளில் அதன் ஆவி தரை விரிசல் வழியே ஏறி, ஜன்னல் திறக்காத குளிரூட்டிய ஆலைக்குள் நிற்கும். எனவே துளை போடுவதற்கு முன் பழைய வரைபடங்களைத் தேடி எடுங்கள். எரிபொருள் தொட்டி, நிலத்தடிக் குழாய், பெயின்ட் சுரண்டிய கூடம் எங்கெங்கே இருந்தன என்று குறித்த பிறகே துளைக்கு இடம் பார்க்க வேண்டும். குத்தகை எடுக்கும் நிறுவனமும் உள்ளே நுழையும் நாளில் மண், நீர் அளவுகளைப் பதிவு செய்துகொள்வது நல்லது. இல்லாவிட்டால் வெளியேறும்போது முன்னவர் விட்ட கறைக்கும் இவரே பதில் சொல்ல வேண்டியிருக்கும்.

அடுத்தது அக்கம்பக்கம். அங்கே எதிர்காலத்தில் சுமார் 150,000 வீடுகள் வரலாம் என்று பிரதமரின் 2022 தேசிய தினப் பேரணி உரையில் அறிவித்தார்கள். சத்தம், புகை போன்ற தொல்லையின் அளவைப் பொறுத்து, வீடுகளிலிருந்து இலகுரகத் தொழிலுக்குக் குறைந்தது 50 மீட்டர், பொதுத் தொழிலுக்கு 100 மீட்டர், சிறப்புத் தொழிலுக்கு 500 மீட்டர் இடைவெளி என்பது இங்குள்ள நடைமுறை. ஒரு கிலோமீட்டருக்கு ஒரு கிலோமீட்டர் மனையில் நாலு பக்கமும் உள்ளுக்குள்ளேயே 100 மீட்டர் விட்டால், 100 ஹெக்டரில் 36 கழிந்துவிடும். அதில் சாலை, வாகன நிறுத்துமிடம் வரலாம். சத்தமும் புகையும் இல்லாத தொழில் வரலாம். உலைக்கூடம் வராது.

சரி, விமானத் தளம் போவதில் லாபமே இல்லையா? உண்டு, அது தரையில் இல்லை. பெரிய ஓடுபாதையைச் சுற்றி 4 கிலோமீட்டர் வரை, விமான நிலையத் தரைமட்டத்திலிருந்து 45 மீட்டருக்கு மேல் எதுவும் எழக் கூடாது என்பது அனைத்துலக விமானப் போக்குவரத்து விதியின் அடிப்படை அளவு. மாடிக்கு 7 மீட்டர் என்றால் தொழிற்கூடம் ஆறு மாடியோடு நிற்கும். கட்டடத்தைவிட அதைக் கட்டும் கிரேன் உயரம் என்பதால், முதலில் முட்டுவது கிரேன்தான். ஓடுபாதைக்கு அருகில் இன்னும் இறுக்கம்: நடுக்கோட்டிலிருந்து 140 மீட்டர் தள்ளித்தான் கணக்கு தொடங்கும், அங்கிருந்து ஒவ்வொரு 7 மீட்டருக்கும் ஒரு மீட்டர் உயரலாம். 20 மீட்டர் கொட்டகைக்கு 280 மீட்டர் தள்ளி நிற்க வேண்டும். இதே ஊரில் சிலேத்தாரில் விமான நிலையத்தை வைத்துக்கொண்டே விமானத் தொழில் பூங்கா அமைத்தார்கள், ஏனென்றால் அங்கே வரும் தொழிலுக்கு ஓடுபாதை தேவை. பாய லேபாரில் ஓடுபாதை ஓய்ந்தால் உங்கள் ஹவ்காங் உட்படச் சுற்றுவட்டாரம் முழுவதுக்கும் உயர வரம்பு தளரும்.

கொட்டகை விஷயத்தில் மட்டும் உங்களோடு ஒத்துப்போகிறேன். நடுவில் தூண் இல்லாத அகலமான கூடத்தைப் புதிதாகக் கட்டுவது அதிகச் செலவு, இருப்பதை வைத்துக்கொள்ளலாம். கூரைத் தகட்டில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு ஆணியைக் கழற்றுங்கள். மேலே ஓடும் பழைய தீயணைப்புக் குழாய்களைக் கழுவிப் பயன்படுத்த நினைக்காமல் மாற்றிவிடுங்கள். நான் சொன்ன அதே நுரையின் எச்சம் எத்தனை முறை கழுவினாலும் குழாயின் உள்சுவரில் ஒட்டியிருந்து புதுத் தண்ணீரில் இறங்கிக்கொண்டே இருக்கும்.