புராடக்ட் மேனேஜரா, புராடக்ட் ஓனரா, புரோகிராம் மேனேஜரா?

கேள்வி: மென்பொருள் சோதனைப் பிரிவில் நான்கு ஆண்டுகளாகப் பணியாற்றுகிறேன். டெஸ்டிங்கிலிருந்து வேறு பொறுப்புக்கு மாற விரும்புகிறேன். வேலை விளம்பரங்களில் புராடக்ட் மேனேஜர், புராடக்ட் ஓனர், புராஜெக்ட் மேனேஜர், புரோகிராம் மேனேஜர் எனப் பல பெயர்களைப் பார்க்கிறேன். விவரங்களைப் படித்தால் எல்லாம் ஒன்றுபோலவே தோன்றுகின்றன. எனக்கு எது பொருந்தும்?

பதில்: உங்கள் குழப்பம் நியாயமானது, ஏனெனில் இந்தப் பெயர்கள் ஒவ்வொன்றும் வெவ்வேறு காலத்தில், வெவ்வேறு தேவைக்காகப் பிறந்து, பிறகு ஒரே அலுவலகத்துக்குள் வந்து சேர்ந்தவை. புராடக்ட் மேனேஜர் பொறுப்பின் வேரை, புராக்டர் அண்ட் கேம்பிள் நிறுவனத்தில் நீல் மெக்கெல்ராய் 1931-இல் எழுதிய மூன்று பக்கக் குறிப்பில் காண்பது வழக்கம். ஒரே நிறுவனத்தின் ஒவ்வொரு சோப்புக்கும் தனித்தனிப் பொறுப்பாளர் வேண்டும் என்பதே அவர் கேட்டது. புராடக்ட் ஓனர் என்ற பெயர் மென்பொருளைச் சிறு சிறு கட்டங்களாகச் செய்து முடிக்கும் ஸ்க்ரம் என்ற பணிமுறையிலிருந்து வந்தது. புரோகிராம் மேனேஜர் என்பவர் பெரும்பாலான நிறுவனங்களில் பல குழுக்களின் வேலையையும் தேதிகளையும் கோத்து நடத்துபவர். ஆனால் மைக்ரோசாஃப்டில் எக்செல் உருவான 1980-களிலிருந்தே, ஓர் அம்சம் எப்படி இயங்க வேண்டும் என்று எழுதி டெவலப்பர்களோடு அமர்ந்து தீர்மானிப்பவருக்கு அந்தப் பெயர் வழங்கி வந்தது. மற்ற இடங்களில் அவரையே புராடக்ட் மேனேஜர் என்பார்கள்.

ஆகவே பெயரை ஒதுக்கிவிட்டு, இந்த இருக்கையில் அமர்பவர் எந்த முடிவை எடுக்கிறார், அது தவறிப்போனால் எதற்குப் பதில் சொல்கிறார் என்ற இரண்டை மட்டும் கேளுங்கள். ஓர் எடுத்துக்காட்டைப் பார்ப்போம்.

ஒரு செயலியில் புதிதாகப் பதிவு செய்ய வருபவர்கள் ஓடிபி கேட்கும் திரையிலேயே நின்றுவிடுகிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். எத்தனை பேர் அங்கே கழன்றுகொள்கிறார்கள், எந்த வகைக் கைபேசியில் அதிகம் என்பதை டேட்டா அனலிஸ்ட் எண்ணிக் காட்டுகிறார். ஏன் என்பது எண்ணில் தெரியாது. பயனர் ஆய்வாளர் ஐந்தாறு பேரைச் செயலியைப் பயன்படுத்தச் சொல்லி அருகிலிருந்து கவனிக்கும்போதுதான், குறுஞ்செய்தியைப் பார்க்க வெளியே போய்த் திரும்புகிறவருக்குத் திரை முதல் பக்கத்திலிருந்து தொடங்குவது கண்ணில் படுகிறது. இதைச் சரிசெய்வதா, விற்பனைப் பிரிவு பல மாதங்களாகக் கேட்கும் புதிய அம்சத்தைச் செய்வதா? இந்த ஒற்றைக் கேள்விக்கு விடை சொல்லி, அதன் விளைவையும் ஏற்பவரே புராடக்ட் மேனேஜர்.

முடிவான பிறகு வேலை பிரிகிறது. ஓடிபி குறியீடு தாமதமானால் என்ன வாசகம் காட்டுவது, எண்ணைத் தவறாகத் தட்டியவர் எப்படித் திரும்புவது என்பவை டிசைனரின் கவலை. டிசைனர் என்றால் நிறமும் பொத்தானும் பார்ப்பவர் என்று நினைப்பவர்கள் இந்த இடத்தில் ஏமாந்துபோவார்கள். வெளியே போய்வந்தாலும் திரை அப்படியே இருக்கச் செய்வது ஃப்ரண்ட்எண்ட் டெவலப்பர். குறியீடு எத்தனை நிமிடம் செல்லும், ஒருவர் எத்தனை முறை மறுபடி கேட்கலாம் என்ற கட்டுப்பாட்டைச் சர்வரில் எழுதுவது பேக்எண்ட் டெவலப்பர். குறுஞ்செய்தி அனுப்பும் சேவை நின்றுபோனால் மாற்றாக இன்னொன்றை இணைப்பதா என்ற தொழில்நுட்ப முடிவு டெக் லீடுடையது. அந்த டெவலப்பர்களின் வளர்ச்சி, ஆளெடுப்பு, பணிச்சுமை ஆகியவை இன்ஜினியரிங் மேனேஜரைச் சேர்ந்தவை. சிறிய குழுக்களில் இரண்டு தொப்பியும் ஒரே தலையில் இருக்கும்.

இரண்டாவது குறியீடு வந்தபின் முதல் குறியீட்டை உள்ளிட்டால் என்ன ஆகும் என்று கேட்பது டெஸ்டர்; இது உங்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. வெளியீட்டுக்குப் பிறகு சேவை விழாமல் பார்ப்பது டெவ்ஆப்ஸ் அல்லது எஸ்ஆர்இ (சைட் ரிலையபிலிட்டி இன்ஜினியரிங்) குழு. சேவை 99.9 சதவீத நேரம் இயங்கும் என்று உறுதியளித்தால், 30 நாள் மாதத்தில் அது நின்றுபோக அனுமதி வெறும் 43 நிமிடம். இரவு இரண்டு மணிக்கு அவர்களை எழுப்புவது இந்தக் கணக்குத்தான். சேவை நிறுவனத்துடனான ஒப்பந்தம், சட்டப் பிரிவின் ஒப்புதல், வெளியீட்டுத் தேதி ஆகியவற்றைத் துரத்துபவர் புராஜெக்ட் மேனேஜர். தேதி தவறினால் அவர் பதில் சொல்ல வேண்டும். தேதிப்படி வெளிவந்தும் பதிவு கூடவில்லையென்றால் புராடக்ட் மேனேஜர்.

புராடக்ட் ஓனர் எங்கே என்று கேட்பீர்கள். ஸ்க்ரம் வழிகாட்டியின் 2020 பதிப்பு மூன்று பொறுப்புகளை மட்டுமே சொல்கிறது: புராடக்ட் ஓனர், குழு இந்த முறையைச் சரியாகப் பின்பற்ற உதவும் ஸ்க்ரம் மாஸ்டர், டெவலப்பர்கள். டிசைனரும் டெஸ்டரும்கூட அங்கே டெவலப்பர்கள் என்ற பெயருக்குள் அடக்கம். அந்த நூலின்படி, செய்ய வேண்டிய வேலைகளின் பட்டியலான பேக்லாகில் எது முதலில் என்பதில் புராடக்ட் ஓனரின் சொல்லே இறுதி. நடைமுறையில் பல நிறுவனங்கள் மேலே ஒரு புராடக்ட் மேனேஜரை வைத்துவிட்டு, அவர் சொன்னதை டிக்கெட்டாக, அதாவது ஒவ்வொரு வேலைக்குமான குறிப்பாக, எழுதும் வேலையைப் புராடக்ட் ஓனருக்குக் கொடுக்கின்றன. முடிவெடுக்க இடமில்லாத அந்த இருக்கையை நான் பரிந்துரைக்க மாட்டேன். நானும் ஒருமுறை புராடக்ட் மேனேஜர் என்ற பெயரை நம்பி ஓர் இடத்தில் சேர்ந்தேன். முதல் வாரமே என் கைக்கு வந்தது தேதிகள் நிரம்பிய ஓர் எக்செல் தாள். ஓராண்டு முழுவதும் அந்தத் தாளைத்தான் மேய்த்தேன்.

நான்கு ஆண்டு சோதனை அனுபவத்தில் உங்களுக்கு உறுதியாகச் சேர்ந்திருப்பது, ஒரு வேலை எப்போது முடிந்ததாகக் கொள்ளலாம் என்பதை ஐயமின்றி எழுதும் திறன். அதனால் அதிகாரம் உள்ள புராடக்ட் ஓனர் பொறுப்பு உங்களுக்கு அருகிலுள்ள படி. ஒழுங்கும் பின்தொடர்தலும் பிடிக்கும், யாரிடமும் தயங்காமல் தேதி கேட்பீர்கள் என்றால் புராஜெக்ட் மேனேஜர் பக்கம் செல்லலாம். அதை ஒரு படி தாழ்ந்ததாகக் கருதுவது இந்தத் துறையின் வீண் பெருமை. நிரல் எழுதும் ஆசை இருந்தால் சோதனைகளைத் தானியக்கமாக்கும் பொறியாளர் வேலையும் உண்டு.

நேர்காணலில் பெயரைப் பற்றிக் கேட்காதீர்கள். கடைசியாக ஓர் அம்சத்தை வேண்டாம் என்று கைவிட்டது யார், ஆண்டு மதிப்பீட்டில் இந்தப் பொறுப்பில் இருப்பவரிடம் எந்த எண்ணைக் காட்டிக் கேள்வி கேட்பீர்கள் என்று கேளுங்கள். முதல் கேள்விக்கு வேறொருவரின் பெயரும், இரண்டாவதற்கு முடித்த டிக்கெட்டுகளின் எண்ணிக்கையும் பதிலாக வந்தால், விளம்பரத்தில் என்ன எழுதியிருந்தாலும் அது எழுத்தர் வேலை.

வெளியே விண்ணப்பிக்கும் முன் இப்போதைய நிறுவனத்திலேயே முயலுங்கள். செயலியின் மூலை முடுக்கெல்லாம் உங்களுக்குத் தெரியும் என்பது வேறெங்கும் இந்த அளவு எடுபடாது. இந்த மாதம் நீங்கள் பதிவு செய்த குறைகளில் ஒன்றை எடுத்துக்கொண்டு, அது எத்தனை பயனர்களைத் தொடுகிறது, சரிசெய்ய டெவலப்பருக்கு எத்தனை நாள் ஆகும், அதற்காக எந்த வேலையைத் தள்ளிப்போடலாம் என்று ஒரே பக்கத்தில் எழுதி, உங்கள் புராடக்ட் மேனேஜரிடம் கொடுங்கள். மூன்றாவது பகுதியை எழுதும்போது கை தயங்கும். டெஸ்டராக இருந்தவரை உங்களிடம் யாரும் கேட்காத கேள்வி அது.