தொப்பூர் தாண்டுவதற்குள்

அன்புள்ள ஐயா,

போன ஞாயிற்றுக்கிழமை என் மகள் சேலத்தில் நீட் எழுதினாள். வெளியே வரும்போது சிரித்துக்கொண்டேதான் வந்தாள். திரும்பும்போது அதே பஸ்ஸில் அவளுடைய பள்ளித் தோழியும் ஏறினாள். இருவரும் கேள்வித்தாளை மடியில் விரித்து, நீ என்ன போட்டாய், நான் என்ன போட்டேன் என்று ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டு வந்தார்கள். தொப்பூர் தாண்டுவதற்குள் என் மகள் பேச்சை நிறுத்திவிட்டாள். பதினோரு கேள்விகளில் இருவருக்கும் வேறு வேறு விடை. வீட்டுக்கு வந்தும் சாப்பிடவில்லை. இரவு இரண்டு கோச்சிங் சென்டர்கள் போட்ட விடைக்குறிப்பை, அதாவது கீயை, போனில் பார்த்தாள். அவையும் ஒன்றோடொன்று ஒத்துப்போகவில்லை. பஸ்ஸிலேயே நான் கண்டித்து நிறுத்தியிருக்க வேண்டும் என்கிறாள் என் மனைவி. உங்கள் கருத்து என்ன?

(பெயர் வேண்டாம்), தருமபுரி

அன்புள்ள நண்பருக்கு,

கண்டித்திருந்தால் கேள்வித்தாளைப் பைக்குள் வைத்திருப்பார்கள். இரவு போனில் தொடர்ந்திருப்பார்கள். இரண்டு வருடம் ஒன்றாகப் படித்த பிள்ளைகள், மூன்று மணி நேரம் யாரிடமும் பேசாமல் 180 கேள்விகளோடு உட்கார்ந்துவிட்டு வெளியே வருகிறார்கள். வேறு எதைப் பேசுவார்கள்?

நான் பிளஸ் டூ இயற்பியல் எழுதிவிட்டு வந்த நாள் நினைவுக்கு வருகிறது. பள்ளி வாசல் புளியமரத்தடியில் எங்கள் வாத்தியார் நின்றுகொண்டு, வருகிறவனையெல்லாம் “ஒன் வேர்டு எத்தனை?” என்று பிடித்துக்கொண்டிருந்தார். ஒரு கேள்விக்கு வகுப்பில் முதல் ரேங்க் எடுப்பவன் ஒரு விடை சொன்னான். நான் எழுதியிருந்தது வேறு. ஆனால் அவன் சொன்ன தோரணையில், “நானும் அதேதான்” என்று சொல்லிவிட்டேன். சின்னப் பொய். சைக்கிளில் வீடு போய்ச் சேர்வதற்குள் அதை நானே நம்பியும்விட்டேன். இன்றைக்கு வரை நான் உண்மையில் எதை எழுதினேன் என்று எனக்குத் தெரியாது.

இதைச் சொல்லக் காரணம் உண்டு. உங்கள் மகள் ஒப்பிட்டது இரண்டு விடைத்தாள்களை அல்ல, இரண்டு ஞாபகங்களை. கேள்வித்தாளில் டிக் அடித்திருந்தாலும் ஓஎம்ஆர் விடைத்தாளில் எந்த வட்டத்தைக் கருப்பாக்கினாள் என்பதற்கு அது சாட்சி ஆகாது. எங்கள் காலத்தில் இல்லாத ஒரு வசதி இவர்களுக்கு இருக்கிறது: ஓஎம்ஆரின் ஸ்கேன் பிரதியைத் தேர்வு முகமையே இணையத்தில் காட்டும், தற்காலிக விடைக்குறிப்பும் வரும். விடைக்குறிப்பில் தப்பென்று தோன்றினால் கேள்விக்கு 200 ரூபாய் கட்டி ஆட்சேபிக்கலாம். அதுவரை போடும் கணக்கெல்லாம் உத்தேசம்தான்.

பஸ்ஸில் அவள் போட்ட கணக்கை என்னால் ஊகிக்க முடிகிறது. சரியான விடைக்கு நான்கு மதிப்பெண், தப்புக்கு மைனஸ் ஒன்று. ஆக, ஒரு கேள்வி மாறினால் ஐந்து. பதினொன்றுக்கு ஐம்பத்தைந்து. தோழி சொன்னது எல்லாமே சரி என்று வைத்துக்கொண்டால்தான் இந்த ஐம்பத்தைந்து வரும். அவள் ஏன் அப்படி வைத்துக்கொண்டாள்? முதல் ரேங்க்காரன் முன்னால் நான் வைத்துக்கொண்டது போலத்தான். பதினொன்றில் பாதி இவள் பக்கம் இருக்கலாம், சிலவற்றில் இருவருமே தப்பாக இருக்கலாம். ஒத்துப்போன கேள்விகளில் இரண்டு பேரும் சேர்ந்தே தப்புப் பண்ணியிருக்கவும் கூடும். அதற்காகப் பஸ்ஸில் யாரும் அழுவதில்லை!

கீ இரண்டும் முரண்பட்டதில் எனக்கு ஆச்சரியம் இல்லை. 2024 மே 5ஆம் தேதி நடந்த நீட்டில் அணுவைப் பற்றி ஒரு கேள்வி வந்தது. இரண்டு கூற்றுகள் கொடுத்து எது சரி என்று கேட்டிருந்தார்கள். ஒவ்வொரு தனிமத்தின் அணுக்களும் நிலையானவை, தமக்கே உரிய நிறமாலையை உமிழ்பவை என்பது இரண்டாவது கூற்று. மத்திய பாடத்திட்டத்தின் பழைய என்சிஇஆர்டி புத்தகத்தில் அப்படித்தான் இருந்தது. புதிய பதிப்பில் ‘பெரும்பாலான தனிமங்களின்’ என்று திருத்தியிருந்தார்கள். கதிரியக்கத் தனிமங்கள் இருக்கின்றனவே, திருத்தியது நியாயம்தான். ஆனால் அண்ணன், அக்காள் படித்த புத்தகத்தையே வைத்துப் படித்த பிள்ளைகளின் கதி? தேர்வு முகமை இரண்டு விடைகளுக்குமே மதிப்பெண் கொடுத்தது. வழக்கு உச்ச நீதிமன்றம் போனது. ஜூலையில் டெல்லி ஐஐடியின் மூன்று நிபுணர்கள் பார்த்து, புதிய பதிப்பின்படி வரும் விடை ஒன்றுதான் சரி என்றார்கள். மற்ற விடையைக் குறித்திருந்த நான்கு லட்சத்துக்கும் மேற்பட்டவர்களுக்கு நான்கு மதிப்பெண் போய், கூடவே ஒன்று கழிந்தது. 720க்கு 720 வாங்கியவர்கள் 61 பேர் இருந்த இடத்தில் 17 பேர்தான் மிஞ்சினார்கள்.

அந்த மே மாத மாலையில் ஏதோ ஒரு பஸ்ஸில் இரண்டு பிள்ளைகள் இந்தக் கேள்வியைப் பற்றிச் சண்டை போட்டிருப்பார்கள். தீர்ப்பு வர இரண்டரை மாதத்துக்கு மேல் ஆனது.

உங்கள் மனைவி பயப்படுவதை நான் லேசாக எடுத்துக்கொள்ளவில்லை. இந்தத் தேர்வு நம் மாநிலத்தில் என்னவெல்லாம் செய்திருக்கிறது என்று அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். மகள் இன்னும் சரியாகச் சாப்பிடாமல், தூங்காமல் இருந்தால் அரசின் உதவி எண் 104க்குப் போன் செய்யுங்கள். மனநல ஆலோசகர்கள் தேர்வு எழுதிய பிள்ளைகளோடு பேசுகிறார்கள். அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

பேச்சைத் தடுக்க வேண்டாம். மதிப்பெண் கூட்டுவதைத் தள்ளிப்போடச் சொல்லுங்கள், ஓஎம்ஆர் பிரதி வரும்வரை. இது அவளை விட வீட்டுக்கு வருகிறவர்களுக்குத்தான் கஷ்டம். “எவ்வளவு வரும்?” என்று கேட்காமல் காப்பி குடித்துவிட்டுப் போகிற சித்தப்பா, மாமா யாராவது உங்கள் குடும்பத்தில் இருந்தால் நீங்கள் அதிர்ஷ்டசாலி. மற்றவர்களை நீங்கள்தான் வாசலிலேயே சமாளிக்க வேண்டும்.

ஒன்று கேட்கிறேன், கோபிக்காதீர்கள். தொப்பூரில் அவள் பேச்சை நிறுத்திய பிறகு தருமபுரி வரை நீங்கள் என்ன செய்தீர்கள் என்பது உங்கள் கடிதத்தில் இல்லை.

அப்புறம், அந்தத் தோழி. அவளும் அதே பதினோரு கேள்விகளோடுதானே வீட்டுக்குப் போயிருப்பாள். அவள் சாப்பிட்டாளா என்று உங்கள் மகளை ஒரு போன் போட்டுக் கேட்கச் சொல்லுங்கள்.